ஜிப்பாவுக்கான துணியை வீட்டுத் தறியில் நெய்வது பற்றி

இழைமகள், செங்காங்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம், இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும் விழுதுச் சட்டங்கள் நான்கு கொண்ட மேசைத்தறி ஒன்று இருக்கிறது. அதில் 70 சென்டிமீட்டர் அகலம் வரை நெய்யலாம். இதுவரை கழுத்துத் துண்டுகள், மேசை விரிப்புகள், சமையலறைக் கைத்துண்டுகள் ஆகியவற்றை நெய்திருக்கிறேன். ஓரம் நேராக வருகிறது. குறுக்கு இழையான ஊடையும் பெரும்பாலும் சீராக விழுகிறது. வரும் பொங்கலுக்கு என் தந்தைக்கு நானே நெய்த துணியில் ஒரு ஜிப்பா தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் எழுபது வயதைக் கடந்தவர். காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வருபவர் என்பதால், வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொள்ளாத பருத்தித் துணிதான் அவருக்கு ஒத்துவரும்.

கையிருப்பில் 8/2 என்று குறிக்கப்பட்ட, அதாவது எட்டாம் எண் இழைகள் இரண்டை முறுக்கிய பருத்தி நூல் நிறைய இருக்கிறது. கைத்துண்டுகளை அதில்தான் நெய்தேன். அறுந்துபோகாமல் நன்றாக ஒத்துழைத்த நூல் அது. ஜிப்பாவுக்கும் அதையே பயன்படுத்தலாமா? நீளவாக்கில் ஏற்றும் இழையான பாவு எத்தனை மீட்டர் ஓட்ட வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது? கையால் நெய்த துணியில் கத்தரிக்கோல் பட்டால் இழைகள் பிரிந்துவிடும் என்று பலரும் எச்சரிக்கிறார்கள். அதை எப்படிக் கையாள்வது? தறி கூடத்தில், சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் ஈரப்பதம் நூலைப் பாதிக்குமா, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நெய்வது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஊடும்பாவும், உட்லண்ட்ஸ்

வணக்கம் இழைமகள். உங்கள் கேள்விகளில் முதலாவதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 8/2 நூல் கைத்துண்டுக்கு அருமையானது. சிங்கப்பூர் வெயிலில் உடுத்தும் சட்டைக்கு அது கனம். இதை அபிப்பிராயமாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 8/2 நூல் ஒரு கிலோவில் ஏறத்தாழ 6,770 மீட்டர் இருக்கும். அதை அங்குலத்துக்கு 20 இழை வீதம் பாவிலும் அதே அளவு ஊடையிலும் போட்டு நெய்து, துவைத்து, துணி சுருங்கிய பிறகு எடைபோட்டால், சதுர மீட்டருக்கு 300 கிராமைத் தாண்டிவிடும். அது ஜீன்ஸ் துணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் எடை. கடையில் வாங்கும் சாதாரணச் சட்டைத் துணி சதுர மீட்டருக்கு 100 முதல் 140 கிராம் வரையில்தான் இருக்கும். எடையைக் குறைக்க வேண்டும் என்று 8/2 நூலையே நெருக்கமில்லாமல், அதாவது அங்குலத்துக்கு 15 இழை போல நெய்தால், எடை குறைவது உண்மைதான், ஆனால் தோளிலும் அக்குளிலும் தையல் இழுபடும் இடத்தில் இழைகள் நகர்ந்து இடைவெளி விழுந்துவிடும்.

இந்த இடத்தில் நம் நெசவு மரபைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுத் தறிகளில் காலங்காலமாக நெய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி சேலையும் வேட்டியும் துண்டும்தான். அவை தறியிலிருந்து இறங்கிய வடிவிலேயே உடம்பில் சுற்றப்படுபவை. அவற்றில் இழுவிசையைத் தாங்க வேண்டிய தையல் கிடையாது. ஆகவே காற்றோட்டமாக, நெகிழ்வாக நெய்யப்பட்ட சேலைத் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதே அடர்த்தியைச் சட்டைத் துணிக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தைக்கும் துணிக்கு நூல் மெல்லியதாகவும் நெசவு நெருக்கமாகவும் இருக்க வேண்டும்.

அப்படியானால் எந்த நூல்? இந்தியாவில் 2/40 என்று விற்கப்படும் நூல், அதாவது நாற்பதாம் எண் இழைகள் (எண் கூடினால் இழை மெலியும்) இரண்டை முறுக்கியது, கிலோவுக்கு ஏறத்தாழ 33,900 மீட்டர் வரும். பாவு, ஊடை இரண்டுக்கும் அதையே போட்டால் சதுர மீட்டருக்கு 140 கிராம் அளவில் நல்ல சட்டைத் துணி கிடைக்கும். ஆனால் அங்குலத்துக்கு 44 இழை போல வைக்க வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் தறியின் முழு அகலத்துக்கு 1,200 இழைகளுக்கு மேல் விழுதில் கோக்க வேண்டும். பொங்கலுக்குள் முடிக்க வேண்டிய முதல் ஆடைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2/20 நூல் கிலோவுக்கு 16,900 மீட்டர் அளவில் வரும். அங்குலத்துக்கு 32 இழை போதும், மொத்தம் 880 இழைதான். இரண்டு பக்கமும் அதையே போட்டால் 200 கிராம் வரை போகும். பாவுக்கு 2/20, ஊடைக்கு 2/40 என்று கலந்து நெய்தால் 165 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். கோர்க்கும் வேலையும் குறைவு, துணியும் ஜிப்பாவுக்கு ஏற்ற கனத்தோடு விழும். என் தேர்வு இதுதான்.

இனி நீளம். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். தைப்பதற்கு, துவைத்துச் சுருங்கிய துணி 2.75 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: முன்னும் பின்னும் 75 சென்டிமீட்டர் வீதம், இரண்டு கைகளுக்கும் 50 வீதம், மிச்சம் மடிப்புக்கும் கழுத்துக்கும். துவைத்தால் பத்து விழுக்காடு சுருங்கும் என்று கொண்டால் தறியில் 3.05 மீட்டர் நெய்திருக்க வேண்டும். பாவு இழை ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் இன்னொரு பத்து விழுக்காடு உள்வாங்கும், ஆகவே 3.4 மீட்டர். தறியில் முன்னும் பின்னும் நெய்ய முடியாமல் போகும் பகுதிக்கு 70 சென்டிமீட்டர், தொடக்கத்தில் நெய்து பார்ப்பதற்கு 40 சென்டிமீட்டர் சேர்த்தால் நாலரை மீட்டர் பாவு. 880 இழைக்கு இது ஏறத்தாழ 4,000 மீட்டர் நூல், அதாவது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஊடைக்கு 2/40 நூல் நூறு கிராமுக்குள் முடிந்துவிடும். எதிலும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த முறை வரும் சிட்டத்தின் சாயம் முந்தியதோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

இவை எல்லாமே மதிப்பீடுகள். இந்த மதிப்பீடுகளை உண்மையாக்குவது மாதிரித் துண்டு ஒன்றுதான். நூல் வந்ததும் ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு சாண் அகலப் பாவை மட்டும் ஏற்றி, அங்குலத்துக்கு 28, 32, 36 இழை என்று மூன்று அடர்த்தியில் ஒவ்வொரு துண்டு நெய்யுங்கள். அளந்து குறித்துக்கொண்ட பிறகு, உங்கள் தந்தையின் சட்டைகளை வழக்கமாக எப்படித் துவைக்கிறீர்களோ அப்படியே, சலவை இயந்திரமென்றால் இயந்திரத்தில் துவைத்து, கழியில் காயப்போட்டு, ஈரம் முழுவதும் போவதற்குள் இஸ்திரி போட்டு, மறுபடியும் அளந்து எடைபோடுங்கள். பெரிய பாவை ஏற்றிய பின் அடர்த்தியை மாற்ற நினைத்தால் அகலமும் சேர்ந்து மாறிவிடும். 880 இழையை 36ஆக நெருக்கினால் அச்சில், அதாவது பாவு இழைகளைப் பிரித்து வைத்து ஊடையை அடிக்கும் சீப்பில், 62 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஜிப்பாவுக்கு அது பற்றாது. அதனால்தான் தனிப் பாவில் மாதிரி நெய்யச் சொல்கிறேன்.

தேக்கா தையல்

மகளே, உன் தந்தைக்கு நீயே நெய்து தைக்க நினைப்பது மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. நான் பல ஆண்டுகள் தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் தையல் வேலை செய்தவள். நெசவு எனக்குத் தெரியாது. கைத்தறித் துணியை வெட்டித் தைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

துணி பிரியும் என்ற பயத்தைப் போக்க ஒரே வழி, வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுவது. வெட்ட வேண்டிய கோட்டைச் சாக்கட்டியால் வரைந்துகொண்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் தள்ளிச் சிறிய தையலாக ஒவ்வொரு வரி ஓட்டிவிட்டு, பிறகு நடுவில் வெட்டினால், ஓர் இழைகூட அசையாது. வெட்டிய ஓரத்தை உடனே ஓவர்லாக் அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைக்கக் கூடாது. துவைக்காத துணியில் கத்தரிக்கோலை வைக்கவே கூடாது.

அடுத்தது வெட்டு. கடையில் விற்கும் சட்டைத் தாள் வடிவங்கள் அகலமான துணிக்காகப் போடப்பட்டவை. தோள் வளைவு, அக்குள் வளைவு, இடுப்பு வளைவு என்று எல்லாமே வளைவாக இருக்கும். அவற்றை உன் துணியில் வைத்தால் நெய்ததில் பெரும் பங்கு குப்பைக்குப் போகும். அகலம் குறைந்த துணியை வீணாக்காமல் தைப்பதற்கு நம் அக்கம்பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. மலாய்க்காரர்களின் பழைய முறை பாஜு கூரோங் உடையைக் கவனித்துப் பார். உடல், கை எல்லாம் நேர்கோட்டுத் துண்டுகள், அக்குளில் கெக்கெக் என்ற சிறு சதுரம், பக்கவாட்டில் பெசாக் என்ற சாய்வுத் துண்டு, அவ்வளவுதான். கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறாது. அதற்குக் காரணம் அந்தச் சிறு சதுரம். நம் பழைய ஜிப்பாவும் அதே வழியில் வெட்டப்பட்டதுதான். கேலாங் சிராய் பக்கம் உள்ள தையற்காரர்களிடம் கேட்டால் அன்போடு விளக்குவார்கள்.

நேர்வெட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் துணியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டால், பக்கத் தையல் விழும் இடத்தில் தறியிலேயே முடிந்த ஓரம் இருக்கும். அதை மடிக்கவோ ஓவர்லாக் அடிக்கவோ வேண்டியதில்லை. அப்படியே சேர்த்துத் தைத்து, இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டால் தடிமனே தெரியாது. வயதானவர்களுக்கு அக்குளுக்குக் கீழே தையல் உறுத்தாமல் இருப்பது பெரிய ஆறுதல்.

கழுத்துப் பட்டிக்கு மட்டும் உன் துணியைப் பயன்படுத்தாதே. உள்பக்கம் வைக்கும் பட்டிக்கு மெல்லிய மல் துணியோ வாயில் (voile) துணியோ எடுத்துக்கொள். கழுத்தைத் திறக்கும் இடத்தில் பின்பக்கமாக மெல்லிய ஒட்டுத்துணி ஒட்டி, சுற்றிலும் ஒரு வரி தைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் சாய்வாக வெட்டுப்படும் இடம் இழுபட்டு வாய் பிளந்து நிற்கும். ஊசி பன்னிரண்டாம் எண் போதும்.

கோடுகள் போட நினைத்தால் நீளவாக்கில் போடு. குறுக்குக் கோடு போட்டால் முன்பாகமும் பின்பாகமும் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சந்திக்க வேண்டும். தறியில் அடிக்கும் அடி ஒரே மாதிரி இருந்தால்தான் அது நடக்கும்.

சென்னிமலைப் பேரன், ஈசூன்

தையல் அம்மா சொன்ன அந்தக் கடைசி வரியைத் தொடர்ந்து எழுதுகிறேன். என் தாத்தா சென்னிமலையில் குழித்தறியில் நெய்தவர். நெசவின் தரம் கையில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தாத்தாவோ, அது பாவில் இருக்கிறது என்பார். 880 இழைகளும் ஒரே இழுப்பில் இருந்தால்தான் அடி சீராக விழும். பாவை உருளையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கெட்டித் தாளைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். தாள் இல்லாவிட்டால் மேல் சுற்றின் இழைகள் கீழ்ச் சுற்றின் இழைகளுக்கு நடுவே இறங்கிவிடும். பாதி நெய்த பிறகு சில இழைகள் தளர்ந்தும் சில விறைத்தும் நிற்கும். கைத்துண்டின் நீளத்துக்கு இது வெளியே தெரியாது, நாலரை மீட்டரில் கட்டாயம் தெரியும். குறிப்பாக இரண்டு ஓரங்களிலும் தாள் பாவை விட அகலமாக இருக்க வேண்டும், ஓர இழைகள் சரிந்து விழுவது அங்கேதான்.

ஈரப்பதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பருத்தி இழை ஈரத்தில் வலுப்பெறும். உலர்ந்தால் மொரமொரப்பாகி அறும். குழித்தறியில் பாவு தரையை ஒட்டிச் செல்வதால் மண்ணின் குளிர்ச்சி நூலுக்குக் கிடைக்கும் என்று தாத்தா சொல்வார். கோடைக் காலத்தில் குழிக்குள் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. சிங்கப்பூரில் அதிகாலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. பருத்தி நெசவுக்கு இதைவிட நல்ல காற்று கிடைக்காது. ஆகவே சன்னலைத் திறந்து வைத்துக் காற்றாடியைப் போட்டுக்கொண்டு நெய்யுங்கள். குளிரூட்டி அறையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு நாள் குளிரூட்டியிலும் மறுநாள் திறந்த சன்னலிலும் நெய்தால் பாவின் விறைப்பு மாறி, துணியிலும் அந்த வேறுபாடு பட்டையாகத் தெரியக்கூடும்.

கஞ்சி போட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது போடச் சொல்வார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஒற்றை இழை நூலைப் பாவாகப் போடும்போதுதான் கஞ்சி இன்றியமையாதது. ஊரில் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, அரிசிக் கஞ்சியில் சிறிது எண்ணெய் கலந்து, பெரிய தூரிகையால் வாரி வாரி ஏற்றுவார்கள்; வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிட வேண்டும் என்பதற்காகக் குடும்பமே அதில் நிற்கும். 2/20 போன்ற முறுக்கிய நூலுக்கு அது தேவையில்லை. மேலும், இந்த ஊர் ஈரத்தில் கஞ்சி ஏறிய பாவு தறியில் வாரக்கணக்கில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். நெய்யாத நாள்களில் வெறும் பருத்தித் துணியால் தறியை மூடி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

இன்னொன்று. நெய்யும்போது இழை அறுந்தால் முடிச்சைத் துணிக்குள் விட்டு நெய்யாதீர்கள். ஓர் ஊசியைத் துணியில் குத்தி, புதிய இழையை அதில் சுற்றி நிறுத்தி, விழுதிலும் அச்சிலும் கோத்துக்கொண்டு தொடருங்கள். நெய்து முடித்த பிறகு இரண்டு நுனிகளையும் தையல் ஊசியால் அந்த இழையின் பாதையிலேயே ஓர் அங்குலம் உள்ளே செலுத்திவிட்டால், துவைத்த பின் தேடினாலும் தெரியாது. சட்டைத் துணியில் முடிச்சு இருந்தால் உடம்பில் உறுத்தும்.

மேசைத்தறியின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போடுங்கள். அச்சு அடிக்கும் ஓசை காற்றில் அதிகம் போகாது. தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். இரவு பத்து மணிக்கு மேல் தார் (ஊடை நூலுக்கான சிறு குழல்) சுற்றும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இழைமகள், செங்காங்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூல் வந்து, சொன்னபடி மாதிரியை மூன்று அடர்த்தியிலும் நெய்து துவைத்துவிட்டேன். 28இல் நெய்த துண்டைக் கட்டைவிரல் நகத்தால் ஓரமாகத் தள்ளினால் இழைகள் நகர்கின்றன. 36 சற்று விறைப்பாக, பையின் துணி போல நிற்கிறது. 32தான் கையில் மென்மையாக விழுகிறது, நகத்தால் தள்ளினாலும் அசையவில்லை. எடையும் சதுர மீட்டருக்கு 170 கிராமுக்குள் வருகிறது. ஆனால் சுருக்கம் நான் எதிர்பார்த்தபடி இல்லை. நீளத்தில் எட்டு விழுக்காடுதான், அகலத்தில் பன்னிரண்டு விழுக்காடு. அப்படியானால், நெய்யும்போதே ஓரங்கள் உள்வாங்குவதையும் சேர்த்தால், அச்சில் 70 சென்டிமீட்டர் வைத்து நெய்தாலும் கடைசியில் 57 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். தந்தையின் மார்புச் சுற்றளவு 98. இரண்டு பாகம் சேர்த்து 114. தையலுக்குப் போக 111 போலத்தான் மிஞ்சும். ஜிப்பாவுக்கு இது இறுக்கமாக இருக்குமா?

தேக்கா தையல்

இறுக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் வயதானவருக்கு இன்னும் சற்றுத் தளர்வு இருந்தால் நல்லது. அதற்குத் துணி உன்னிடமே இருக்கிறது. கைக்கு 42 சென்டிமீட்டர் அகலம் போதும். 57இல் அது போக ஒவ்வொரு கைக்குப் பக்கத்திலும் 15 சென்டிமீட்டர் அகலத்தில் 50 சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்று மிஞ்சும். அதை நேராக வெட்டாமல், ஒரு முனையில் 4, மறுமுனையில் 11 சென்டிமீட்டர் வருமாறு சாய்வாக வெட்டினால் தலைகீழாகப் பொருந்தும் இரண்டு துண்டுகள் கிடைக்கும். இரண்டு பட்டைகளிலும் சேர்த்து நான்கு. அவற்றைப் பக்கத்துக்கு இரண்டாக, குறுகிய முனை மேலே வருமாறு அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை வைத்துத் தைத்துவிடு. தையலுக்குப் போக மார்பில் ஏழெட்டு சென்டிமீட்டர் கூடும், கீழே நடப்பதற்கு வேண்டிய விரிவும் வந்துவிடும் என்பதால் பக்கத்தில் திறப்பு வைக்க வேண்டிய அவசியமே இருக்காது. அக்குள் சதுரங்களைக் கழுத்துக்கென்று ஒதுக்கிய மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்.

ஊடும்பாவும், உட்லண்ட்ஸ்

அம்மா சொன்ன வெட்டு சரியாகப் பொருந்தும். நீளத்தில் சுருக்கம் குறைந்ததால் 2.75 மீட்டருக்கு 3 மீட்டர் நெய்தாலே போதும். ஆனாலும் பாவை நாலரை மீட்டராகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத் துண்டுகளில் ஒன்று வெட்டில் கெட்டாலும் மறுபடியும் எடுக்கத் துணி இருக்கும். நெய்யும்போது ஒரு தாள் நாடாவில் 82 சென்டிமீட்டரை, அதாவது சுருங்கிய பிறகு 75 வர வேண்டிய நீளத்தைக் குறித்து, துணியின் ஓரத்தில் குத்திக்கொண்டே போங்கள். முன்பாகம், பின்பாகம், கைகள் ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் வேறு நிற நூலில் ஓர் ஊடை போட்டுவிடுங்கள். துவைத்த பின் எங்கே வெட்ட வேண்டும் என்பதை அந்த இழையே காட்டும், அளந்து குறிக்க வேண்டியிராது.